நாய் வரவில்லை

1

என் மூக்குக்கண்ணாடி மேல் நானே உட்கார்ந்ததில்தான் இந்தக் கதை தொடங்கியது. வருடம் பிறந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. காது ஒன்று ஒடிந்து, வில்லை ஒன்று விரிசல் விட்டிருந்ததை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். முன்னால் இருந்த பெண், "பின்னாடி ரூமுக்குப் போங்க, அவரே பாத்துச் சொல்லுவார்" என்றாள்.

பின்னறையில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சுழலும் கல்லில் வில்லையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. விரல்களெல்லாம் வெள்ளைச் சேறு. எதிர்ச் சுவரில் ஒரு பழுப்பு நாயின் படம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது.

"உங்க நாயா?" என்று சும்மா கேட்டு வைத்தேன். அந்தச் சும்மாவுக்கு ஒரு மணி நேரம் பதில் கிடைத்தது.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவருக்குத் திக்கும். அவர் சொல் கிடைக்காமல் நின்ற மூன்று இடங்களில் நான் முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுத்தேன். மூன்றும் தப்பான சொல். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட எழுத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்தார். நாலாவது தடவை வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் கதை வந்தது.

(அவர் பேச்சை எப்படி எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் புள்ளி வைத்தால் கேலி செய்வது போல இருக்கிறது. ஒரு புள்ளியும் வைக்காவிட்டால் பொய்யாகிவிடுகிறது. கதைக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் வைக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: ஆண்டின் கடைசி வாரம். வானம் மூட்டமாக இருந்தது. அந்த மூட்டத்தைப் போலவே அவர் மனமும் —

வேண்டாம். வானம் எப்படி இருந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது: பேச முடியாத ஒரு தகப்பனின் —

இதுவும் பொய். அவரால் பேச முடியும். நேரமாகும், அவ்வளவுதான்.

நாயிலிருந்தே தொடங்குகிறேன்.

நாய்க்கு ஓய் என்று பெயர். வீட்டில் இரண்டு பேருக்கு அந்த ஒரு சத்தம்தான் தடங்கலில்லாமல் வந்தது, அதனால் அந்தப் பெயர். ஒருவர் அப்பா. தெருவில் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவருக்கோ ‘க’ வராது. பத்தொன்பது வருடமாகச் செய்கிற தொழிலின் பெயரையே சொல்லாமல் ‘லென்ஸ்’ என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ‘ப’ அதைவிட மோசம். பிஸ்கட் வாங்கப் போய், வாயில் வந்ததைக் கேட்டு, சோப்போடு திரும்பிய நாட்கள் உண்டு.

இன்னொருவர் மகள். பத்து வயது. நாலு வயதில் அவளுக்கும் ஆரம்பித்தது.

மூன்றாவது ஆள் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து, வீட்டுக்கு வேண்டிய பேச்சையும் அவளே பேசுவாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம், கடையில், பிரார்த்தனைக் கூடத்தில் எல்லா இடத்திலும் அவள்தான் குடும்பத்தின் வாய்.

கடவுளிடம் பேச வாய் வேண்டாம் என்பதை ரொம்ப காலம் தனக்குக் கிடைத்த சலுகையாகவே அவர் நினைத்திருந்தார். கல்லில் வில்லையைப் பிடித்துக்கொண்டே மனசுக்குள் பேசுவார். அங்கே எந்த எழுத்தும் மக்கர் பண்ணாது. மகள் முதல் தடவை ‘அப்பா’வில் நின்ற அன்று அந்தப் பேச்சும் நின்றுபோனது. "எனக்குக் குடுத்தது பத்தலையா?" என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. அதற்கப்புறம் வாராவாரம் கூடத்துக்குப் போனார், கடைசி வரிசையில் கதவுப் பக்கம் உட்கார்ந்தார், வந்தார். அவ்வளவுதான்.*

* இந்த இடத்தில் நான் நம்பிக்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நன்றாகவே இருந்தது. அவருடையது அல்ல என்பதால் எடுத்துவிட்டேன்.

3

டிசம்பர் பாதியில் மகள் ஒரு தாளோடு வந்தாள். பிரார்த்தனைக் கூடத்தின் புத்தாண்டுக் காலைக் கூட்டத்தில் அவள் வாசிக்க வேண்டிய பகுதி. பதினோரு வரி. குழந்தைகள் சீட்டுப் போட்டதில் அவள் பெயர் விழுந்திருந்தது. அப்பா தாளைப் பார்த்தார். ‘பாதை’ என்ற சொல் மட்டும் நாலு இடத்தில் இருந்தது.

அவள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஓய்க்கு வாசித்துக் காட்டுவாள். நாயிடம் திக்காது. அது அவருக்கும் தெரியும், அவரும் அப்படித்தான். ஓய் நல்ல ரசிகன் என்று சொல்ல முடியாது. மூன்றாவது வரிக்குள் அவள் காலுறையைக் கழற்றிவிடும். ஐந்தாவது வரியில் அதை உதறி உதறிக் கொல்லும். பிறகு அவளைத் துரத்தச் சொல்லி வீட்டைச் சுற்றும். ஒருநாள் காலுறை அலுத்துப்போய்த் தாளையே கவ்விக்கொண்டு ஓடியது. சோபாவுக்குப் பின்னாலிருந்து மீட்டபோது ஆறு வரிதான் மிஞ்சியிருந்தது.

"வே-வேற தாள் வாங்கிட்டு வாங்கப்பா" என்றாள் மகள், சிரித்துக்கொண்டே.

மனைவி வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அதனால் அவரே போனார். கூடத்தில் போதகர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். தாள் கேட்கப் போனவர், தாளைக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, இருக்கிற சொல்லையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு வழியாகச் சொல்லி முடித்தார்: அவளுக்கு வேண்டாம், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள்.

போதகர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "அவகிட்ட கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"கேட்டுட்டு வாங்க. அவ வேண்டாம்னா வேண்டாம். நீங்க சொன்னீங்கன்னு நான் எடுக்க மாட்டேன்." புதுத் தாள் ஒன்றை நீட்டினார்.

அவர் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

4

இங்கே மனைவியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதலில் அவளைப் பொறுமையே உருவானவளாக எழுதியிருந்தேன். புருஷன் செய்ததைக் கேள்விப்பட்டதும் கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டு —

பாதியில் விட்டுவிட்டேன். அவர் சொன்ன பெண் இவளில்லை. அவர் சொன்ன பெண், போதகரின் மனைவி வாய்வழியாக விஷயத்தைக் கேட்டு, கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றவள்.

"வெட்கம் யாருக்கு? அவளுக்கா, உங்களுக்கா?"

அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தட்டையே மறுபடி தேய்த்தார்.

"பதினாலு வருஷமா உங்களுக்கும் சேத்து நான் பேசறேன். சந்தோஷமாத்தான் பேசறேன். ஆனா அவளுக்கும் நானே பேசணும்னா, நான் செத்தப்புறம் அவ என்ன பண்ணுவா? நாய்கிட்ட பேசிட்டு இருப்பாளா?"

"எ-எல்லாரும் சிரிப்பாங்க" என்றார் அவர்.

"சிரிச்சாங்களா உங்களைப் பாத்து?"

"ஸ்கூல்ல. ஒ-ஒரு நாள். அதுக்கப்புறம் நான் வாயைத் தொறக்கல."

மனைவிக்கு அது தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொன்னதில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். அடுத்து என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கு அப்படி ஆவது அபூர்வம்.

மேசைக்கு அடியிலிருந்து மகளின் குரல் வந்தது. அவள் அங்கே இருந்ததை இரண்டு பேரும் மறந்திருந்தார்கள்.

"எனக்குத் தி-திக்கும்னு எனக்குத் தெரியும்ப்பா. திக்கட்டுமே."

5

புத்தாண்டுக் காலை.

நான் எழுதிய வடிவம் இது: கூடம் நிறைந்திருக்கிறது. மகள் மேடையேறுகிறாள். இரண்டாவது வரியில் நின்றுவிடுகிறாள். நிசப்தம். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஓய் உள்ளே பாய்ந்து வருகிறது. நாற்காலிகளுக்கு நடுவே ஓடி அவள் முன்னால் போய் உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது. அவள் நாயைப் பார்த்து வாசிக்கத் தொடங்குகிறாள். ஆற்றுநீர் போல ஓடுகிறது வாசிப்பு. எல்லார் கண்ணிலும் நீர்.

எழுதி முடித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். மூன்று நாள் கழித்துப் புது வில்லையை வாங்கப் போனபோது இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

கல்லை நிறுத்தினார். "நா-நாய் வரலீங்க."

"தெரியும். ஆனா கதைக்கு —"

"வீட்ல பூட்டி வெச்சுட்டுப் போனோம்." கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நாய் வந்து கா… கா…"

காத்திருந்தேன்.

"காப்பாத்தினதா எழுதாதீங்க. நாய் பாவம், நல்ல நாய்தான். ஆனா வாசிச்சது அவ."

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

6

நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். மகள் குட்டி ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். முதல் வரி சுமாராக வந்தது. இரண்டாவது வரியில் ‘பாதை’.

"ப… ப…"

அப்பா முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எழுந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். கால் தயாராக இருந்தது. முன்வரிசையில் ஒரு நல்ல மனுஷர் மெல்ல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "பாதை" என்று எடுத்துக் கொடுத்தார்.

மகள் தாளிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இ-இருங்க அங்கிள். வருது."

வந்தது.

அதற்குப் பிறகு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்றாவது வரியில் நின்றாள், வந்தது. ஐந்தாவதில் இரண்டு இடத்தில் நின்றாள். கண்ணை இறுக்க மூடித் திறந்தாள், வந்தது. வேறு சொல் போட்டுத் தப்பிக்கவில்லை. அப்பாவுக்கு அந்த வித்தையெல்லாம் அத்துப்படி. ‘பாதை’க்கு ‘வழி’ போட்டிருந்தால் ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவள் போடவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி, ஒரு எழுத்து விடாமல், வாசித்தாள்.

ஆறாவது வரி வாக்கில்தான் அவர் அதைக் கவனித்தார். கூடம் முழுக்க முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வழக்கமாக வாசிப்பு நேரத்தில் இருமுகிறவர்கள் இருமவில்லை. அடுத்த சொல் என்ன என்று நூற்றைம்பது பேர் காத்திருந்தார்கள். அந்தப் பதினோரு வரியை இதற்குமுன் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏழு நிமிடம் ஆனது. மற்ற வருடங்களில் ஒரு நிமிடத்தில் முடிகிற பகுதி. கடைசி ‘பாதை’யைச் சொல்லி முடித்துத் தாளை மடித்து, "மு-முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, கோப்பை வாங்கியவள் போல நடந்து வந்து உட்கார்ந்தாள்.

பிறகு வீட்டுக்கு ஒருவர் எழுந்து, போன வருடத்துக்காக நன்றி சொல்கிற நேரம். அவர்கள் வரிசை வந்ததும் மனைவி வழக்கம்போல எழப்போனாள். அவள் தோளில் ஒரு கை விழுந்தது. அவர் எழுந்து நின்றார்.

சுலபமான சொற்கள் அவரிடம் நிறைய இருந்தன. ‘என் மகளுக்காக’ என்று சொல்லியிருந்தால் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். ஆனால் அவர் மனசுக்குள் அவளைக் கூப்பிடும் பெயர் வேறு. பத்து வருடத்தில் ஒருநாள்கூட வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. வாயைத் திறந்தால் ‘ஏம்மா’ என்றுதான் வரும்.

"ப…" என்றார். உதடு ஒட்டிக்கொண்டது. காது சிவந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"ப… ப…"

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் பழக்கிவிட்டிருந்தாள்.

"பாப்பாவுக்காக" என்றார். அவ்வளவுதான் அவருடைய நன்றி. உட்கார்ந்துவிட்டார். "ஆறு வருஷத்துக்கப்புறம் அவர்கிட்ட பேசினேன்" என்று என்னிடம் சொன்னார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "ப-பரவாயில்லப்பா. என்னைவிடக் கம்மி நேரம்தான்."

மனைவி நடுத்தெருவில் நின்று சிரித்தாள். வீட்டைத் திறந்தபோது ஓய் ஒரு தலையணையைக் கிழித்து முடித்திருந்தது. முன்னறை, சோபா, அதன் மூக்கு எல்லாம் பஞ்சு. யாரும் அதைத் திட்டவில்லை. மூன்று பேரும் பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டினார்கள்.

7

இந்த இடத்தில் முடித்துவிடலாம். பஞ்சு பறக்கும் வீடு, நல்ல முடிவுதான். இன்னொன்றும் யோசித்தேன்: சில வருடம் கழித்து மகள் பெரிய பேச்சாளராகி — வேண்டாம். அவள் என்ன ஆவாள் என்று அவளே இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனால் நான் கதையை வாசித்துக் காட்டிய அன்றைக்கு இன்னொன்று நடந்தது.

அந்தப் பின்னறையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. முதல் தடவை போனபோது நான் அதைப் பார்க்கவே இல்லை. வில்லையை ஃபிரேமில் பொருத்தி, சூடாக்கி, என் காதுக்கு வளைத்துக்கொண்டிருந்தபோது அது அடித்தது. முன்னால் இருக்கும் பெண்தான் எப்போதும் எடுப்பாளாம். அவள் சாப்பிடப் போயிருந்தாள். இரண்டு மணி அடித்தது. மூன்று. நான் எடுக்கட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அவர் என் கண்ணாடியை மேசையில் வைத்தார். கையை ஏப்ரனில் துடைத்தார். எழுந்து போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். மறுபக்கத்திலிருந்து யாரோ "ஹலோ, எந்தக் கடை?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். தாடை அசைந்தது. எந்த எழுத்தில் தொடங்குகிறார் என்பது பின்னாலிருந்து தெரியவில்லை.

மறுபக்கத்தில் இருப்பது நீங்கள்தான். அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். வைத்துவிடாதீர்கள்.