ஏற்றத்தில் ஹீட்டர்

லாரி ஓட்டுநரின் மனைவி தொட்டால் தண்ணீர் பனிக்கட்டியாகிவிடும் என்பதால், அந்தத் தெருவில் யாரும் ஐஸ் வாங்குவதில்லை. பாத்திரத்தைக் கொண்டுவந்து, "ஒரு தொடு தொட்டுக் குடுங்கக்கா" என்பார்கள். அவளும் தொட்டுக் கொடுப்பாள். பிறந்து அழாமலே போய்விட்ட குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிய நாளில் அவள் கைகளில் ஏறிய குளிர், பிறகு இறங்கவே இல்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, "நாடி நல்லாத்தான் இருக்கு, ஸ்வெட்டர் போட்டுக்கோங்க" என்றார்.

புருஷன் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. கையைப் பிடித்தால் அவன் விரல்கள் நீலம் பாரிக்கும். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரிப்பான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு கோடையில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டோடு போய்விடுவதென்று முடிவெடுத்தாள். "அந்த வழியாத்தான் சிமெண்டு ஏத்திட்டுப் போறேன், ஏறிக்கோ" என்றான் அவன். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு வெயில் காற்றையே லேசாக்கிவிட்டது. லேசான காற்றைக் குடித்த டீசல் எஞ்சின்கள் ஏற்றத்தில் இழுவையில்லாமல் இளைத்தன; ரேடியேட்டர்கள் உலைபோலக் கொதித்தன. வளைவுக்கு வளைவு லாரிகள் வாய் பிளந்து நின்றன. நின்றவர்களில் ஒருவன் கூவினான்: "என்னண்ணே, அண்ணியை ஏத்திக்கிட்டு மலையேறுறீங்க, வண்டி வெக்கப்பட்டு நின்னுடப் போகுது!"

"உன் வண்டி எதுக்குடா வெக்கப்பட்டுச்சு?" என்று கேட்டபடி இவன் கியரைக் குறைத்தான். எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் ஓட்டுநர்கள் கேபின் ஹீட்டரைப் போடுவார்கள். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் தங்கள் மேல் வாங்கிக்கொள்ளும் வழி அது.

"ஹீட்டர் போடணும். வெந்துடுவே. இறங்கி நிழல்ல நில்லு."

"போடுங்க."

சூடு அவள் பாதங்களில் புகுந்தது. முழங்காலில் ஏறி, வயிற்றில் வந்து சற்று நின்றது. அங்கே யாரையோ தேடுவதுபோல. இல்லையென்று தெரிந்துகொண்டு மேலே போனது. அவளுக்கு வியர்த்தது. பிறகு கண்ணீர் வந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருடம் அழாதது துக்கம் இல்லாததால் அல்ல, கண்ணீர் உறைந்து கிடந்ததால்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முள் மெல்ல இறங்கி நடுவில் நின்றது. லாரி வெறும் வண்டிபோல ஏறியது. அவன் முள்ளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான்.

உச்சியில் அவள் தன் கையை அவன் கைமேல் வைத்தாள். விரல்கள் நீலமாகவில்லை.

"அண்ணன் வீட்டுத் திருப்பம் வருது" என்றான்.

"வரட்டும். இறக்கத்துலயும் ஹீட்டரை அணைச்சிடாதீங்க."

அதிலிருந்து கோடை முழுக்க அவள் அந்த வண்டியில்தான் போய்வருகிறாள். அதன் பின்னால் ஏறும் வண்டிகளுக்கும் எஞ்சின் சூடாவதில்லை. அதனால் வெயில் காலத்தில் ஓட்டுநர்கள் அடிவாரத்தில் டீ குடித்தபடி காத்திருந்து, வரிசையாக ஏறுகிறார்கள். காரணம் யாரும் கேட்பதில்லை. "அண்ணி வண்டி வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள்.