பொறுப்பு மேசை

ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில் சட்டை தைக்கிற தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சம்பளப் பட்டியல் போட்ட பவானிக்கு, ஆர்டர் வரவில்லை என்று அதை இழுத்து மூடியபோது முப்பத்தாறு வயது. அடுத்த நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததைத் தவிர அவளுக்கு வேறு வேலை கிடையாது. அதற்குச் சம்பளமும் கிடையாது. பர்மியர்கள் டீச்சரம்மாவைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் ‘சயாமா, சயாமா’ என்பார்கள். அதோடு சரி.

ஆகவே, டவுனுக்குள் லான்மடாவில் ஒரு கம்பெனிக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேவை, மாதம் எட்டு லட்சம் கியாட் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். தமிழ் எழுதத் தெரிந்ததற்காக ரங்கூனில் யாரும் யாருக்கும் எட்டாயிரம் கொடுத்ததாகக்கூட அவள் கேட்டதில்லை.

கம்பெனி, பிளாஸ்டிக் சாமான் கடைக்கு மேலே நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தது, மின்சாரம் இல்லை. மூச்சு வாங்க ஏறிப் போனவளை மேனேஜர் கோ மின் தூ எழுந்து நின்று வரவேற்றார். இஸ்திரி கலையாத சட்டை, அமைதியான முகம், வருடத்துக்குப் பத்து நாள் தியான முகாமுக்குப் போகிறவர். கம்பெனி நடத்துவது ஆன்லைன் கேசினோ என்பதை அவர் மறைக்கவில்லை. மலேசியாவில் இருக்கிற தமிழர்கள் கைபேசியில் ஆடுகிறார்கள், அவர்களோடு அரட்டைப் பெட்டியில் தமிழில் பேச ஆள் வேண்டும் என்றார்.

பவானி நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி, “சூதாட்ட வேலைங்களா சார்?” என்று பர்மியத்தில் கேட்டாள்.

“இல்ல, மா பவானி,” என்றார் கோ மின் தூ, பர்மிய மரியாதைக்கு ‘மா’ சேர்த்து, மனம் புண்பட்டவர்போல. “சூதாட்டம் அஞ்சாவது மாடி. நாம பொறுப்பு.”

கதவில் அப்படித்தான் எழுதியும் இருந்தது: பொறுப்பான விளையாட்டுப் பிரிவு. சூதாடுகிறவர்கள் கட்டுப்பாட்டை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற பிரிவு. அதற்கென்று கம்பெனி பல கருவிகளை வைத்திருந்தது. முதல் மூன்று நாள் கோ மின் தூ அவற்றைப் பொறுமையாக விளக்கினார்.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கட்டுவேன் என்று ஆடுகிறவர் தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொள்ளலாம். வரம்பை உயர்த்த ஒரு தட்டு போதும். குறைக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும், அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மூன்று நாள் காத்திருக்க வேண்டும். “அவசரத்துல யாரும் தப்பு முடிவு எடுத்துடக் கூடாதில்லையா?” என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை திரையில் நினைவூட்டல் வரும்: ‘நீங்கள் அறுபது நிமிடமாக விளையாடுகிறீர்கள். தொடரலாமா?’ கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பொத்தான், ‘ஆம்’. அதற்குக் கீழே எறும்பு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ‘இல்லை’. நினைவூட்டலை மதித்துப் படித்ததற்குப் பரிசாக ஐந்து ஆட்டம் இலவசம்.

எல்லாவற்றுக்கும் மேலே, கணக்கையே மூடிவிடுகிற வசதியும் உண்டு. ஏழு பக்கம் தாண்டி உள்ளே போனால் கிடைக்கும். ஏழாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்தான் பவானி. அங்கே அவள் பெயர் மதுமிதா. மூடவேண்டும் என்று வருகிறவரிடம் என்ன சொல்வது என்பதற்கு ஒரு தாள் தந்திருந்தார்கள். முதலில் காரணம் கேள். பிறகு, மூடுவதற்குப் பதில் ஒரு நாள் ஓய்வு எடுக்கச் சொல். கேட்காவிட்டால் இலவச ஆட்டம் கொடு. அதற்கும் மசியாவிட்டால் ஐந்தாவது மாடியில் இருக்கிற சிறப்பு மேலாளருக்குத் தள்ளிவிடு. மூடாமல் திரும்பிப் போகிற ஒவ்வொருவருக்கும் அவளுக்கு இருபதாயிரம் கியாட் ஊக்கத்தொகை. அந்த ஆளுக்குக் கம்பெனியில் ‘காப்பாற்றப்பட்டவர்’ என்று பெயர்.

பக்கத்து மேசையில் பர்மிய வாடிக்கையாளர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த சைதா, வீட்டில் தமிழ் பேசுகிற பெண். தமிழ் எழுத்து தெரியாது. “பேப்பர்ல இருக்குறத எழுதிட்டுப் போய்க்கிட்டே இருங்கக்கா. உள்ள எடுத்துக்காதீங்க,” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

பவானி காப்பாற்றிய முதல் ஆள், மலேசியாவின் கிள்ளானில் லோரி ஓட்டுகிற ரெங்கசாமி.

“மேடம், அக்கவுண்ட் மூடணும். போதும் லா,” என்று எழுதினான்.

“வணக்கம். தங்கள் முடிவை மதிக்கிறோம். காரணத்தை அறிந்துகொள்ளலாமா?” என்று அவள் பிழையில்லாமல் எழுதினாள்.

பிறகு, “மேடம், உங்க தமிழ் ரொம்ப அழகா இருக்கு. என்கிட்ட யாரும் இப்படிப் பேசுனதே இல்ல,” என்று வந்தது.

பவானிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு ‘ல’வும் ‘ள’வும் சொல்லித் தந்து தொண்டை வறண்டதில் ஒரு ஆள்கூட அவள் தமிழ் அழகு என்று சொன்னதில்லை. அவள் இன்னும் நான்கு வாக்கியம் அழகாக எழுதினாள். ரெங்கசாமி கணக்கை மூடாமல், ஒரு நாள் ஓய்வும் இருபது இலவச ஆட்டமும் வாங்கிக்கொண்டு போனான். வார முடிவில் ஊக்கத்தொகை கைக்கு வந்தது. அரைக் கிலோ இறால் வாங்கி வறுத்துச் சாப்பிட்டாள்.

எட்டாம் நாள் காலையில் ரெங்கசாமி மறுபடி வந்தான்.

“ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் கட்ட வச்சிருந்த காசு எல்லாம் போச்சு மேடம். மூவாயிரத்து நானூறு ரிங்கிட். அன்னைக்கே மூடியிருந்தா இருந்திருக்கும். நீங்கதான ஓய்வு எடுத்துட்டு வரச் சொன்னீங்க?”

தாளில் இதற்கும் ஒரு வரி இருந்தது. ‘தங்கள் உணர்வுகளை நாங்கள் புரிந்துகொள்கிறோம்’ என்று அவள் தட்டிவிட்டு, திரையில் அதைப் பார்த்தாள். பிழை ஒன்றுமில்லை. ஒற்றெழுத்துகூடச் சரியாக இருந்தது. தாள் சொன்னபடி ஐந்தாவது மாடிக்குத் தள்ளினாள். அங்கே அவனை வெள்ளி நிலை விருந்தினராக உயர்த்தி, தினசரி வரம்பையும் உயர்த்திக் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மத்தியானம் சைதா வாங்கி வந்த மொகிங்கா குழம்பில் நூடுல்ஸ் ஊறிக் கூழாகும்வரை பவானி அதைத் தொடவில்லை.

அந்த வாரம்தான் கோ மின் தூ பதினான்கு பக்க ஆங்கிலத் தாளோடு வந்தார். எங்கோ கடல் கடந்த தீவில் லைசென்ஸ் கொடுக்கிறவர்கள், கட்டுப்பாட்டுக் கருவிகளின் விளக்கமெல்லாம் அந்தந்த மொழியில் இருந்தாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பொத்தான்களில் இருக்கிற எழுத்து உட்பட எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும்.

“சரி சார். யார் சரிபார்ப்பாங்க?”

“இங்க தமிழ்னா நீங்கதானே,” என்றார் அவர்.

பவானி மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். தெரியாத சொல்லுக்கு அகராதி புரட்டினாள். தன்னை வேலையை விட்டுத் தூக்குகிற மாதிரியான விஷயத்தை எழுதுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் எட்டு லட்சத்தை நினைத்து, ஒரு பக்கத்தை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் இருந்தபடியே மாற்றி எழுதினாள். மறுநாள் காலை வந்து அதையும் அழித்தாள்.

ஆங்கிலத்தில் ‘உங்கள் மகிழ்ச்சியே எங்கள் பொறுப்பு’ என்று இருந்த இடத்தில், ‘நீங்கள் தோற்றால்தான் எங்களுக்குச் சம்பளம்’ என்று தமிழில் வந்தது. வரம்புப் பகுதியில், ‘உயர்த்துவது ஒரு நொடி. குறைக்க மூன்று நாள். இந்த மூன்று நாளில் நீங்கள் மனம் மாறிவிடுவீர்கள் என்று நம்புகிறோம். மாறாதீர்கள்’ என்று எழுதினாள். இலவச ஆட்டத்துக்கு, ‘இருபது ஆட்டம் இலவசம். இருபத்தொன்றாவதுக்காகத்தான் இது.’ பச்சைப் பொத்தானில், ‘இன்னும் தோற்கிறேன்’. சாம்பல் பொத்தானில், ‘போதும், எழுந்து போகிறேன்’. கணக்கை மூடுகிற ஏழு பக்கத்துக்கும் வழி எழுதி, கடைசியில், ‘மதுமிதா ஏதாவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். “மூடு” என்று மட்டும் எழுதுங்கள்’ என்று முடித்தாள்.

முழுவதையும் சைதாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டினாள். சைதா முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல் கழிப்பறைக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். “அக்கா, உங்களத் தூக்கிருவாங்க.”

“படிச்சாத்தானே தூக்குவாங்க,” என்றாள் பவானி.

அவள் எழுதியது அப்படியே செயலியில் ஏறிப் பத்து நாள் கழித்து ரெங்கசாமி ஏழாவது பக்கத்துக்கு வந்தான். “மூடு,” என்று எழுதினான். பவானி காரணம் கேட்கவில்லை, மூடினாள். அந்தப் பெட்டி அணைவதற்கு முன்னால் அவனிடமிருந்து இன்னொரு வரி வந்து விழுந்தது: “இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?”

அதற்குப் பதில் எழுத அவளுக்கு இருந்த ஒரே வழியை அவளே இப்போது அடைத்துவிட்டிருந்தாள்.

ஒன்றரை மாதத்தில் தமிழ் ஆட்கள் ஆடுவது பாதியாகி, அதிலும் பாதியானது. கோ மின் தூவுக்குக் காரணம் புரியவில்லை. சந்தேகப்பட்டு, பச்சைப் பொத்தானைக் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினார். ‘நான் இன்னும் தோல்வியடைந்துகொண்டிருக்கிறேன்’ என்று அது பர்மியத்தில் சொன்னது. “இந்த மிஷினுக்குத் தமிழே வரல,” என்று சலித்துக்கொண்டு, நிஜமான தமிழ் அறிஞர் ஒருவரை வரவழைத்தார்.

வந்தவர் உதயசூரியன். அடுத்த தெருவில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர், தமிழ்ச் சங்கச் செயலாளர். பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்தால், தாய்மொழியை மறந்தவன் தாயை மறந்தவன் என்று கண்ணீர் வரப் பேசுவார். அவரைப் பார்த்ததும் பவானி, எட்டு லட்சம் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அச்சடித்த தாள்களை வாங்கினார். “நீங்க எழுதுனதா சயாமா?” என்று தமிழில் கேட்டார்.

“ஆமாங்கய்யா.”

தாள் ஒவ்வொன்றிலும் விரல் வைத்து, வரிவரியாக, கோயிலில் பாட்டுப் புத்தகம் பார்க்கிறவர்போல அசைந்து அசைந்து போனார். புருவம் நெரியும் என்று பவானி எதிர்பார்த்த இடமெல்லாம் வந்து போனது. ‘நீங்கள் தோற்றால்தான் எங்களுக்குச் சம்பளம்’ என்ற வரியில் தலையை ஆட்டி ரசித்தார். கடைசித் தாளை மடியில் தட்டி அடுக்கிவிட்டு, கோ மின் தூவிடம் பர்மியத்தில் கால் மணி நேரம் பேசினார். சங்க காலத்தில் ஆரம்பித்தார். இந்த மொழிநடை இன்று உலகத்தில் பத்துப் பேருக்குத்தான் வரும் என்றார். கம்பெனி முத்திரைக்குப் பக்கத்தில், சரிபார்த்ததாகக் கையெழுத்தும் போட்டார். பர்மிய எழுத்தில்.

பவானி அவரை வழியனுப்பப் படிக்கட்டு வரைக்கும் போனாள். இரண்டு படி இறங்கியவர் நின்று, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, “அதுல என்னா எழுதியிருந்துச்சு சயாமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முகம் வெளுத்து, சிவந்து, பழையபடி ஆனது.

“சின்ன வயசுல பர்மா ஸ்கூல்லதான் போட்டாங்க. பேச வரும், எழுத்து வராது. மேடையில படிக்கிறதெல்லாம் நா பர்மா எழுத்துல எழுதி வச்சுக்கிறது,” என்றார். “வெளிய சொல்லிறாதீங்க.”

“நீங்களும் சொல்லிறாதீங்கய்யா.”

“நா எதுக்குச் சொல்றேன்? படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டவன்ல நா,” என்று சொல்லிவிட்டு, மிடுக்காகப் படியிறங்கிப் போனார்.

தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போனது. மற்ற மொழிக்காரர்களில் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தொட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர், தமிழர்களில் அறுபத்தொரு பேர். லைசென்ஸ் கொடுக்கிற தீவுக்காரர்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள். பொறுப்பான விளையாட்டுக்கான அந்த வருடத்து விருது கம்பெனிக்கே கிடைத்தது. கோ மின் தூ கண்ணாடிக் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தை முகப்பில் போட்ட பிறகு, கம்பெனியின் கட்டுப்பாட்டை நம்பி மற்ற மொழிகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் என்று சைதா கணக்குச் சொன்னாள். அதைக் கேட்ட அன்று பவானி, கிளம்பிவிட வேண்டியதுதான் என்று அகராதியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விருது வந்த மறு வாரம் அவளைக் கூப்பிட்டார்கள். தமிழ்ப் பகுதியில் இப்போது ஆடுகிறவர்கள் பதினோரு பேர்தான், அதனால் மேசையை மூடுகிறோம் என்றார் கோ மின் தூ. ஒரு மாதச் சம்பளமும், தங்கக் கரை போட்ட நற்சான்றிதழும் நீட்டினார். விரும்பினால் சைதாவோடு பர்மிய மேசையில் சேரலாம், ஊக்கத்தொகையும் அதிகம் என்றார்.

பர்மிய எழுத்து கோ மின் தூவுக்கு நன்றாகவே வாசிக்க வரும், அங்கே மாற்றி எழுத முடியாது. பவானி அதை யோசித்தாள். வீட்டு வாடகையையும் யோசித்தாள். “வேண்டாம் சார்,” என்றாள்.

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். எழுந்து நின்று கை கொடுத்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும், மா பவானி. நா வருஷா வருஷம் தியானத்துக்குப் போறேன், எனக்கே இவ்வளவு கட்டுப்பாடு வரல. உங்க ஆளுங்களுக்கு மட்டும் எப்படி வருது?”

“எங்க ஆளுங்களுக்கும் வராது சார். எழுத்துல இருந்தா நம்புவாங்க, அவ்வளவுதான்.”

கோ மின் தூ மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். பவானி சான்றிதழை நாலாக மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கினாள். தெருவில் வெயில் ஏறியிருந்தது. துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்புகிற ஆபீஸ் ஒன்றில், பாதிச் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை காலியாக இருப்பதாக முந்தின நாள் யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ் ஏறி அங்கே போனாள்.