சாட்சியின் மிச்சம்

சிவராணி மனநோய்க்கு விழுங்கிவந்த குளிசையை விட்டு மூன்று வாரம். காதுக்குள் பழைய குரல் திரும்பி வந்து, கட்டுக்கரைக் குளத்தில் குதிக்க வா வா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. மன்னார் டவுனில் உளவியலாளர் பெனடிக்ற்றின் அறைக்கு வந்தவள் அதை மறைக்காமல் சொன்னாள்.

“அப்ப ஏன் பிள்ளை குளிசை எடுக்கேல்லை?”

“சபையில சாட்சி சொல்லிட்டன் சேர். இயேசு சுகமாக்கிட்டார், குளிசையை எறிஞ்சிட்டன் எண்டு. இனி எடுத்தா ஆண்டவரைப் பொய்யராக்கின மாதிரி.”

எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை. பெனடிக்ற் அவளுடைய தாய் பாலம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையை ஒரு நிமிடமும் தனிய விடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அவரும் அதே சபைதான். ஞாயிறுதோறும் கைதட்டிப் பாடுகிறவர். படிப்புக்கும் பக்திக்கும் சண்டை மூட்டிவிடுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சிவராணியின் கதையை வெளியே சொல்ல அவருக்கு உரிமையில்லை. ஆனால் சொந்தக் கதை ஒன்று இருந்தது, மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாத கதை. அது தெரிந்தால் பைத்தியத்துக்குப் பைத்தியமா வைத்தியம் என்று ஊர் சிரிக்கும்; அறைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். சிரிக்கட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

ஞாயிறு சாட்சி நேரத்தில் எழும்பிப் போய் மைக்கைப் பிடித்தார். சட்டைப்பையிலிருந்து குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார்.

“இது என்ர. யுத்தம் முடிஞ்ச பிறகு எனக்குச் சாக வேணும் எண்ட நினைப்பு மட்டும்தான். முழங்காலில நிண்டு செபிச்சன். ஆண்டவர் என்னை டொக்டரிட்ட அனுப்பினார். இண்டைக்கும் செபிச்சுப்போட்டுத்தான் இதை விழுங்கிறன்.”

பாஸ்டர் அருட்பிரகாசம் கையை நீட்டினார். “பிரதர், மைக்கைத் தாங்கோ. விசுவாசம் குறைஞ்ச கதை இஞ்ச வேண்டாம்.”

“அப்ப நீங்களும் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு வேதத்தை வாசியுங்கோ பாஸ்டர்.”

எல்லோரும் பார்த்திருக்க ஒரு குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மைக்கை மட்டும் விடவில்லை.

பெண்கள் பக்கத்தில் சிவராணி எழும்பினாள். பாஸ்டருக்கு முகம் மலர்ந்தது.

“வா மகள், உன்ர சாட்சியை இவருக்குச் சொல்லு.”

பெனடிக்ற் மைக்கை அவளிடம் கொடுத்தார்.

“போன முறை பாதிதான் சொன்னனான்,” என்றாள். “எறிஞ்ச பிறகு குரல் திரும்பி வந்திட்டுது. நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போறன். ஆண்டவரும் என்னோட வாறார்.”