நாலு பேரின் றாத்தல்

மாமாங்கத்தார் தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள். புலம்பெயர்ந்து வந்து மில்லிக்கனில் வீடு வாங்கிப் பதினாறு வருடமாகியும், பக்கத்து வீட்டுக்காரன் கைகாட்டினால் எதற்காகக் காட்டுகிறான் என்று இரண்டு நாள் யோசிப்பார். அப்படிப்பட்டவரிடம் ஒருவன், "என்ர சாமானை நீங்க வாங்க வேணாம்" என்று சொன்னால் அவருக்கு எப்படி நித்திரை வரும்?

சொன்னவர் ஹலீம். நகரத்தின் மறுமூலையிலுள்ள ரெக்ஸ்டேலில் இலங்கைக்குக் கப்பலில் பெட்டி அனுப்புகிற கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால், வாகனத்தில் கொழுவி இழுத்துப் போகிற அவருடைய ட்ரெயிலர் நின்றது. உள்ளே நாலு பேர் படுக்கலாம். அடுப்பும் குளிக்கிற இடமும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி யார் வரப்போகிறார்கள் என்று அதை விற்கப் போட்டிருந்தார். மாமாங்கத்தாரின் மனைவி நாகமணிக்கு, இந்தக் கோடையில் குடும்பமாக ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கவேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் அவர் இவ்வளவு தூரம் போனார்.

விலை பேசி முடிந்தது. ஹலீம் மாமாங்கத்தாரின் ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார். சாரதிக் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் குனிந்து வாசித்தார்.

"அண்ணே, இது ஐயாயிரம் றாத்தல் இழுக்கும். அதில பிரச்சினை இல்ல. சுமக்கிறது வேற கணக்கு. ஆக்களும் சாமானும் சேத்து ஆயிரத்து நூற்றைம்பதுக்கு மேல ஏத்தாத எண்டு போட்டிரிக்கி. ட்ரெயிலர்ட மூக்கு ஜீப்புக்கு மேல குந்துற பாரமும் அதுக்குள்ளதான் வரும். கூடினா பின்பக்கம் பதிஞ்சிரும், முன் சில்லு றோட்டைப் பிடிக்காது. ஹைவேல ட்ரெயிலர் ஆடத் தொடங்கினா ஒங்கட கையில ஒண்டும் இல்ல. எத்தின பேர் போறீங்க?"

"நாலு பேர்."

"நாலு பேர்ட நிறையையும் எழுதிக் கொண்டு வாங்க. சரி வராட்டி நான் தரமாட்டன்."

வீடு வந்து சேரும்வரை மாமாங்கத்தாருக்கு மனம் ஓயவில்லை. விற்க வந்தவன் விற்கமாட்டேன் என்பதா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? வேறு யாரோ கூடுதல் விலைக்குக் கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ரெயிலரில் ஏதோ பழுது. நாளைக்கு உடைந்தால், அப்போதே சொன்னேனே என்று கையைக் கழுவப் பார்க்கிறான். ஊரில் இவருடைய தமிழ்க் கிராமத்துக்கும் ஹலீமுடைய முஸ்லிம் கிராமத்துக்கும் நடுவே இரண்டு கட்டைத் தூரம்தான், இரண்டே மைல். அந்த இரண்டு கட்டையைத் தாண்ட ஆட்கள் பயந்த காலமும் ஒன்று இருந்தது. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அது நியாயமில்லை என்று அவருக்கும் தெரியும்.

"உவனுக்கு ஏன் என்ர பொஞ்சாதிர நிறை?" என்று கறுவிக்கொண்டேதான் கடதாசியை எடுத்தார்.

நாகமணியின் தம்பி கோணேஸ்வரன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நூற்றெழுபத்தைந்து என்றான். மகன் டிலக்சன், "வன் ஃபிஃப்டி ஃபைவ், ஐ திங்க்" என்றான். மாமாங்கத்தார் தனக்கு நூற்றெழுபது போட்டார். நாகமணி அடுப்படியில் நின்றபடியே, "நூற்றைம்பது" என்றாள். கூட்டினால் அறுநூற்றைம்பது.

சனிக்கிழமை நாலு பேரும் ரெக்ஸ்டேலுக்குப் போனார்கள். போகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று ஹலீம் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களா குறைவாகக் கொண்டுபோவார்கள்? பெரிய சட்டி, இடியாப்ப உரல், அரிசி மூட்டை, ஆறு தேங்காய் எல்லாம் ட்ரெயிலருக்குள் ஏறின. ஹலீம் பெட்டி நிறுக்கிற தராசை உருட்டி வந்து ட்ரெயிலரின் மூக்கை அதன்மேல் இறக்கினார். கொழுவுகிற இரும்பையும் சேர்த்து நானூற்று எண்பது.

"மிச்சம் அறுநூற்றெழுபது. ஒங்கட கடதாசிப்படி சரி. ஆனா அண்ணே, தன்ர நிறைய ஆரும் உண்மையாச் சொல்ற இல்ல. ஒருக்கா ஏறிப் பாருங்க."

அப்படியா சங்கதி! தராசில்தான் தில்லுமுல்லு என்று மாமாங்கத்தார் முடிவு கட்டினார். இருபது றாத்தல் அரிசி மூட்டையைத் தூக்கிவந்து தானே வைத்துப் பார்த்தார். சரியாக இருபது காட்டியது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். அப்போதும் இருபதுதான்.

பிறகு ஆட்கள் ஏறினார்கள். கோணேஸ்வரன் நூற்றுத்தொண்ணூறு. டிலக்சன் நூற்று அறுபத்துநாலு. மாமாங்கத்தாரே நூற்று எண்பத்திரண்டு. ஹலீம் பேனையால் காதைச் சொறிந்தார்.

"அக்கா சொன்ன நூற்றைம்பதைப் போட்டா பதினாறு கூடுது. தர ஏலா அண்ணே."

"அப்ப அவவும் ஏறட்டும்," என்றார் மாமாங்கத்தார்.

"நான் ஏறல்ல," என்றாள் நாகமணி. "இவ்வளவு ஆக்களுக்கு முன்னால என்னத்துக்கு?"

"அக்காவை விடுங்க," என்றார் ஹலீம்.

அந்தச் சொல்லே மாமாங்கத்தாருக்குப் போதும். இவன் ஏன் தடுக்கிறான்? "ஸ்வெட்டரைக் கழட்டிப்போட்டு ஏறு," என்று அதட்டினார். ஜூலை வெயிலில் அவள் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தாள். உலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிற மனிதர் அதற்குக் காரணம் கேட்டதில்லை.

நாகமணி அவரை ஒருமுறை பார்த்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு ஏறினாள்.

நூற்றுப் பன்னிரண்டு.

"அறுநூற்று நாற்பத்தெட்டு!" ஹலீமுக்கு முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ், இருபத்திரண்டு மிச்சம். போகலாம் அண்ணே." டிலக்சன் கை தட்டினான். "அக்கா காப்பாத்திப்போட்டா," என்று கோணேஸ்வரன் சிரித்தான்.

மாமாங்கத்தார் சிரிக்கவில்லை. அவளுடைய கை, சட்டைக்குள் தடிபோலக் கிடந்ததை இப்போதுதான் பார்த்தார்.

"நூற்றைம்பது எண்டு சொன்னாயே?"

"போன வருசம் அப்பிடித்தான் இருந்த."

"மிச்சம் எங்க?"

அவள் இறங்கிக் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஸ்கான் எடுக்க வரச் சொல்லியிருக்கினம். பயணம் போய் வந்து சொல்லுவம் எண்டு இருந்தன்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"எல்லாத்திலயும் சந்தேகப்படுற மனிசன், ஒருநாளைக்கு என்னையும் பாத்துக் கேப்பீங்க எண்டு நினைச்சன். மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருந்தன்."

 மாமாங்கத்தாருக்கு வெட்கமாகப் போயிற்று. ஹலீம் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். மாமாங்கத்தார் சாவியை வாங்காமல் ஹலீமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உந்தத் தராசு பிழை. பிழை எண்டு ஒருக்காச் சொல்லுங்க."