பெற்றோல் மண்

விடியற்புறம் மண்வெட்டி இறங்கியதுமே மண் பெற்றோல் மணத்தைக் கக்கியது. எட்டுப் பேர் முழங்கால் ஆழம் கொத்தி, சாணமும் பூவரசங்குழையும் கலந்து, புரட்டினார்கள். முன்னால் நின்றவள் தங்கமுத்து.

கோப்பாய்ச் சந்தியில் சோமசேகரம் முதலாளியின் பெற்றோல் செட். நிலத்தடித் தாங்கி ஒழுகியதை அவர் 'சின்ன வியர்வை' என்றே சொல்லிவந்தார். அந்த வியர்வை பக்கத்து வளவுக் கிணற்றில் மிதந்தது. சுற்றியிருந்த எட்டு வீட்டுக்கும் அந்தக் கிணறு ஒன்றுதான். காகம் விழுந்த கிணற்றைப் போலச் சனங்கள் மூன்றுதரம் இறைத்து, மஞ்சளும் உப்பும் போட்டார்கள். இறைக்க இறைக்க, முதலாளியின் பெற்றோல் இன்னும் விசுவாசமாக வந்து சேர்ந்தது. நாலாம் தரம், ஊற்றுக்கண்ணைத் துப்புரவாக்க இறங்கிய தங்கமுத்துவின் புருசன் கந்தப்பு ஏறி வரவில்லை. அவனைக் கயிற்றில் கட்டித்தான் தூக்கினார்கள்.

மரண விசாரணை நடந்த நாட்களில் முதலாளிக்கு இரக்கம் பெருகியது. செட்டுக்கும் கிணற்றுக்கும் இடையில் கிடந்த மண்ணைத் திருத்த, அந்த எட்டு வீட்டிலிருந்தே கூலிக்கு ஆள் பிடித்தார். மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமிகள் எண்ணெயைத் தின்னும், காற்றுப்படப் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும், ஒரு வருடமாவது ஆகும் என்று விவசாயப் போதனாசிரியர் சொல்லியிருந்தார். புகையிலைத் தோட்டம் கொத்திய கைகளுக்கு அது புது வேலை இல்லை.

விசாரணை 'தற்செயல்' என்று முடிந்தது. இரக்கமும் முடிந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலை, வெண்மணல் லொறியோடு முதலாளி வந்தார். புதுப் பம்பு திறக்க யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். மணல் பரவிச் சீமெந்து போடவேண்டுமாம்.

"மூடினால், உள்ளுக்கை கிடக்கிறதெல்லாம் கிணத்துக்குத்தான் போகும், முதலாளி," என்றார் கூலியாட்களில் மூத்தவரான பஞ்சலிங்கம்.

"அப்ப உந்தக் கிருமியளுக்கும் நான் ஆயுசு முழுக்கச் சாப்பாடு போடோணுமோ?"

"சாப்பாடு நீங்கள் ஏற்கெனவே போட்டிட்டியள். காத்துத்தான் கேக்கிறம்."

லொறிச் சாரதி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதலாளி சால்வையைச் சரிசெய்தார்.

"மண்ணுக்கு மூச்சு முட்டுதாமோ? நாளையிலயிருந்து ஒருத்தருக்கும் வேலை இல்லை."

தங்கமுத்து நிமிர்ந்தாள். "அவருக்கும் காத்துத்தான் இல்லாமல் போனது," என்றாள்.

பிறகு, வேலை தொடங்கிய அன்று முதன்முதல் கொத்திய மூலைக்குப் போய் ஒரு பிடி மண் எடுத்து மணந்தாள். பெற்றோல் மணம் இன்னும் இருந்தது. அதற்கு அடியில் மெல்லிதாக, தோட்டத்தால் வரும்போது கந்தப்பு இடுப்பில் உடுத்திருக்கும் சாரத்தில் வீசும் ஈரமண் மணம். குந்தியிருந்து அழுதாள்.

அந்தப் பிடி மண்ணைப் பஞ்சலிங்கம் வாங்கினார். கைமாறிக் கைமாறி எல்லோரும் மணந்தார்கள். யாரும் சொல்லாமலே லொறிக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"நாளைக்கும் வருவம்," என்றார் பஞ்சலிங்கம்.

"கூலி கிடையாது."

"ஓம், தெரியும்."

கந்தப்புவைத் தூக்கிய அன்றிலிருந்து கிணற்றை மூடியிருந்த பலகை அப்படியே கிடந்தது. தங்கமுத்து எழுந்து, முகத்தைத் துடைத்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். லொறி இன்னும் மணலைக் கொட்டவில்லை.