இறங்க வழி எழுதாத பாடம்

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் கூட்டுவது, கூரை ஒழுகினால் அடைப்பது, சொன்னதைக் கட்டுவது எல்லாம் நான்தான். அந்த மே மாதம் ஒரு பாடத்திட்டத்தைக் கட்டச் சொன்னார்கள்.

ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியலைச் சுருள் போலச் சொல்லித்தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பொருள், உயிர், விசை, பூமி என்று நான்கு தலைப்பு. வருஷா வருஷம் நான்கும் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரத்தில். ஒன்றுக்கொன்று தொடர்பும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மேற்பார்வை அதிகாரி பெர்பெத்துவா மேடம் வந்து கையெழுத்துப் போடாவிட்டால், நான்கு அறிவியல் ஆசிரியர்களில் கடைசியாகச் சேர்ந்த கிளேசரி டீச்சரைத் தீவுப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். படகில் மூன்று மணி நேரம். கரையில் கட்டிப்போட்ட படகைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். தாளில் சுருள் வரையும்போதே இரண்டு முறை எழுந்து வெளியே ஓடினார்.

தலைமை ஆசிரியர் வென்ஸ் சார் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வட்டமா சுத்துது, சரி. ஏறவே இல்லையே?"

"ஏற்றம் மனசுல இருக்கு சார்," என்றார் கிளேசரி.

"அதிகாரி உங்க மனசுக்குள்ள புகுந்தா பாப்பாங்க? இல்டோ, நீ கட்டுப்பா."

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தண்டை நட்டு, அதைச் சுற்றி மூங்கிலில் சரிவுப் பாதை கட்டினேன். நான்கு சுற்று, நான்கு வருஷம். கோயில் பக்கம் பொருள், சாலைப் பக்கம் விசை, வயல் பக்கம் பூமி. கழிப்பறைப் பக்கம் உயிர் என்றதும் உயிரியல் டீச்சர் ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்த வருஷப் பாடத்தை எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, தொடர்பு தெரிய அட்டைக்கு அட்டை சிவப்பு நூல் இழுத்தார்கள் ஆசிரியர்கள். அதில் ஒரு கோழி மாட்டிக்கொண்டது. உயிருக்கும் விசைக்கும் தொடர்பு என்று அதையும் எழுதிக்கொண்டார்கள். மூங்கில் போதாததால் ஓர் ஆள் அகலம்தான் வந்தது. சொன்னேன். பாடத்தில் ஒவ்வொருவராகத்தானே ஏற வேண்டும் என்றார் வென்ஸ் சார்.

வெள்ளிக்கிழமை பெர்பெத்துவா மேடம் வந்தார். முதலில் சாப்பாடு. சேமியாவும் அரிசிப் பணியாரமும் தின்று முடித்த பிறகுதான் வேலை. மேடம் முன்னால் ஏறினார், பின்னால் வென்ஸ் சார், அவருக்குப் பின்னால் மூன்று ஆசிரியர்கள். கிளேசரி கோப்பைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். மேடம் ஓர் அட்டை விடாமல் படித்தார். பத்தாம் வகுப்புப் பூமியோடு பாதை முடிந்தது. மேடம் திரும்பினார்.

இறங்க வேண்டுமென்றால் பின்னால் நிற்பவர்கள் திரும்பி முன்னே போக வேண்டும். வந்த அதிகாரிக்கு முதுகு காட்டுவதா? எங்கள் ஊரில் அது நடக்காது. யாரும் அசையவில்லை.

"ஏறுற பாடம் மேடம். இறக்கம்னு எங்கயும் எழுதல," என்றார் வென்ஸ் சார்.

அரை மணி நேரம் நின்றார்கள். மிச்சமிருந்த சேமியாவை வாளியில் போட்டு, கயிறு கட்டி மேலே அனுப்பினேன். அதை மேடம் சாப்பிடும்போது தண்டு கழிப்பறைப் பக்கம் சாய்ந்தது. எல்லாம் பாரத்தின் விசை என்றார் ஒருவர். மூங்கில் பச்சை, அதில் இருக்கும் நீர்தான் காரணம் என்றார் இன்னொருவர். தண்டை எறும்பு அரித்திருக்கும் என்றார் உயிரியல் டீச்சர். நேற்றைய மழையில் மண் இளகிவிட்டது என்றார் கீழே நின்ற கிளேசரி.

"இதத்தான் தொடர்புன்னு எழுதியிருக்கீங்களா?" என்று மேடம் கேட்டார். ஆமாம் என்றார்கள். குறித்துக்கொண்டார்.

தண்டு இன்னும் ஒரு சாண் சாய்ந்தது. கிளேசரி அண்ணாந்து பார்த்தார்.

"சார், பத்தாம் வகுப்பு தொடங்குனதும் மொதல்ல என்ன செய்வோம்?"

"போன வருஷப் பாடத்தத் திரும்பப் பாப்போம்."

"அப்பத் திரும்பிப் பாருங்க. பாத்துக்கிட்டே வாங்க. அது முதுகு காட்டுறது இல்ல சார், படிப்பு."

வென்ஸ் சார் மேடத்தைப் பார்த்தார்.

"படிப்புன்னா சரி," என்றார் மேடம்.

கடைசியில் நின்றவர் முதலில் திரும்பினார். படிப்பு என்று ஆகிவிட்டதால் அட்டையைச் சும்மா கடக்கக் கூடாது, உரக்கப் படிக்க வேண்டும் என்றார் வென்ஸ் சார். எட்டாம் வகுப்புப் பொருள் அட்டையில் இருந்த கேள்விக்கு வேதியியல் சார் தடுமாறினார். சரியான விடை வரும்வரை அவரை அங்கேயே நிற்க வைத்தார் மேடம். தண்டு முனகிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேடத்தின் கால் தரையில் பட்டது. பாரம் விட்டதும் தண்டு போய்க் கழிப்பறைக் கூரைமேல் படுத்துக்கொண்டது.

மேடம் அதைப் பார்க்கவே இல்லை. கையெழுத்துப் போட்டு, அதன் கீழே எழுதினார்: ஏற்றம் நன்று. இறக்கத்துக்குத் திட்டம் இல்லை. எங்களை இறக்கிய ஆசிரியரே அதை எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை அவரை இந்தப் பள்ளியிலிருந்து மாற்றக் கூடாது.

மூன்று வருஷமாகிறது. கிளேசரி டீச்சர் எழுதிக்கொண்டே இருக்கிறார். எதுவரை வந்திருக்கிறது என்று வென்ஸ் சார் போன வாரமும் கேட்டார். மேலே இருந்துதானே இறங்க வேண்டும், பத்தாம் வகுப்பிலேயே இன்னும் இரண்டு அட்டை பாக்கியாம்.