கழுவாத எக்ஸ்ரே

குழந்தைவேலு மாமா எக்ஸ்ரே படம் இருந்த பெட்டியின் கொக்கியை நெம்பிக்கொண்டிருந்தார். முற்றத்தில் அப்பா பாடையில் கிடந்தார். தூக்கத்தான் யாரும் வரவில்லை.

ஆளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. டாலிகஞ்ச் தமிழர்களில் பாதிப் பேர் எதிரே பலாமரத்தடியில் கைக்குட்டையை மூக்கில் அமுக்கியபடி நின்றார்கள். செத்துப்போன சொக்கலிங்கத்துக்குக் காசம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தான். ஹேடோ துறைமுகத்தில் அப்பாவோடு மூட்டை தூக்கியவர்கள், அவர் வாங்கிவந்த மீனை இந்த வீட்டிலேயே உட்கார்ந்து வழித்துத் தின்றவர்கள். நீலாவதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். காறித் துப்பலாம் போலிருந்தது. அம்மா போனபின் அவளுக்கு இருந்தது அப்பா ஒருவர்தான். அவரைப் போய் இப்படி அநாதையாகக் கிடத்திவிட்டார்களே.

"படத்தக் காட்டுனா தூக்குவீங்களாடா?" என்று மாமா கத்தினார். "பொழுது சாயப்போவுது!"

"காட்டுங்க காண்ட்ராக்டரே, பாப்போம்," என்றான் சண்முகம், மரத்தடியை விட்டு நகராமல்.

காலையில்தான் அப்பாவை எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைக் கழுவிப் பார்க்காமல் என்ன நோய் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது. கழுவுகிற மருந்து தீவில் தீர்ந்துபோயிருந்தது; மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

"கப்பல் வரட்டும் தங்கச்சி," என்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற கஸ்பார் சொல்லியிருந்தான். "இருட்டு ரூம்ல வச்சுத்தான் கழுவணும். அதுக்குள்ள யாராச்சும் பெட்டியத் தொறந்தா, வெளிச்சம் பட்டு எல்லாம் கதம்."

மாமாவும் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் பிறர் பேச்சைக் காதில் வாங்கும் வழக்கம் அவருக்கில்லை. கஸ்பாரை ஓர் அதட்டு அதட்டி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாமா, அதத் தொறக்கக் கூடாது."

"நீ சும்மா இரு. நான் பாக்காத மிஷினா?"

அவர் பார்த்த ஒரே மிஷின் சிமெண்டுக் கலவை மிஷின். கொக்கி தெறித்தது. உள்ளிருந்த படத்தை உருவி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கஞ்சித் தண்ணீர் போல ஒரே வெளிறல், வேறொன்றும் இல்லை. அப்பாவின் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பாருங்கடா! ஒரு கறை இருக்கா? ஏக்தம் ஸாஃப், சுத்தம்!"

ஒருவன் வந்தான். பின்னால் நாலு பேர் வந்தார்கள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். காசம் என்றால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும் என்றான் ஒருவன். விலா எலும்பு எங்கே என்று ஒரு மடையன்கூடக் கேட்கவில்லை.

சண்முகம் மட்டும் அவளிடம் திரும்பினான். "நீ சொல்லு நீலா. கஸ்பார் என்ன சொன்னான்?"

சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. அப்பாவின் உதட்டில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"சுத்தமா இருக்குன்னுதான் சொன்னாரு," என்றாள்.

கைக்குட்டைகள் பைக்குள் போயின. பாடையின் முன்மூங்கில் யாருக்கு என்று தள்ளுமுள்ளு நடந்தது. "அண்ணே, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!" என்று சண்முகம் மாரில் அடித்துக்கொண்டான். இவ்வளவு பாசத்தை இத்தனை நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தானோ.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் திருப்பம் தாண்டியதும் பெண்கள் வீட்டுக்குள் வந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அடுத்த வீட்டு சுசீலா தூக்குப்பாத்திரத்தில் காபி கொண்டுவந்தாள். காலையிலிருந்து அவள் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன், அவருக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காதுன்னு. குடி கண்ணு."

நீலாவதி தம்ளரை வாங்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஒரு மாதமாக அடக்கி வந்த இருமல் அடிநெஞ்சிலிருந்து புரண்டு வந்தது. பல்லைக் கடித்தாள். தோள் குலுங்கியது.

சுசீலா அவளை இழுத்து அணைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து முதுகைத் தடவினாள்.

"அழு கண்ணு, அடக்காத. நல்லா வாய்விட்டு அழு."